தேயிலைக் கொட்டை விழுந்த கதை

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படித்தானா? காலையில் எழுந்து உட்கார்ந்தால் மறுபடி படுத்துவிடலாமா என்றிருக்கிறது. இருக்கிற கண்ணுக்கு அச்செழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது. இந்த லட்சணத்தில் தங்கை மகள் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். இந்த வருஷம் வந்த மாயக் கதைகளிலும் விஞ்ஞானக் கதைகளிலும் தனக்குப் பிடித்தவை எவை என்று யாரோ ஒரு வாசகர் வரிசை போட்டு எழுதியிருக்கிறார். சந்திரனுக்குப் போகிறவன் கதை ஒன்று, காலத்துக்குள் வழி தவறினவன் கதை ஒன்று, இப்படியே பத்து. "நீங்க படிச்சதுல எது பெரியம்மா நல்லா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நாங்களும் வரிசை போட்டவர்கள்தான் என்று சொல்ல வாய் வந்தது. அலுப்பில் சும்மா இருந்துவிட்டேன். அவளுக்குச் சொல்வதென்றால் லயத்திலிருந்து, மழையிலிருந்து, எல்லாவற்றிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டும். உங்களிடம் அந்தத் தொல்லை குறைவு. அதனால் உங்களிடம் சொல்கிறேன். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டி. பதுளையைத் தாண்டி மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வர வேண்டுமென்றால் கால்தான். ஐப்பசியில் பிடிக்கிற மழை தை வரைக்கும் விடாது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறை கட்டின லயத்தில் எங்கள் அறை, எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, நான், பிறகு அம்மாவின் தங்கை சின்னம்மா. கல்யாணம் முடிந்து ஆறாம் மாதமே சின்னம்மா தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது கேட்கலாமென்றால் ஆளில்லை.

சின்னம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். சின்ன வயதில் பதுளையில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு இருந்தபோது அந்த வீட்டுக்கார அம்மா எழுத்துச் சொல்லிக் கொடுத்தாளாம். எங்கள் லயத்தில் எழுத்துத் தெரிந்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் எங்கள் காம்பராவுக்கு வந்துவிடுவார்கள். இடம் போதாமல் முன்னால் இருக்கிற ஒடுங்கிய இஸ்தோப்பிலும் உட்காருவார்கள். ஈரக் கம்பளி நாற்றம், அடுப்பில் சுடுகிற பலாக்கொட்டை வாசம், தகரத்தில் மழை போடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று சின்னம்மா தொண்டை கிழிய வாசிப்பாள். திங்கட்கிழமை முழுக்க அவளுக்குக் குரல் இருக்காது.

புத்தகம் கொண்டுவருவது புடவை நானா. பதுளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். மாதத்துக்கு ஒருமுறை துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவார். மூட்டைக்கு அடியில் எப்போதாவது சீட்டித் துணிக்குள் ஒரு கதைப் புத்தகம் சுற்றியிருக்கும். அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, கப்பலில் மிளகாய், பெருங்காயத்தோடு வந்தது. பிரித்தால் மூன்று பேருக்காவது தும்மல் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், நானாவுக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாது. அரபு எழுத்தில் எழுதின தமிழ்தான் அவர் ஓதிப் படித்தது. அதனால் விற்க மாட்டார், இரவல் கொடுப்பார். அடுத்த முறை வந்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, "சொல்லு புள்ள, இந்தக் கதையில என்னா நடந்துச்சு?" என்று சின்னம்மாவிடம் கேட்டுக்கொள்வார். கேட்டதை அடுத்த தோட்டத்தில் போய்ச் சொல்லித் துணி விற்பார்.

சின்னம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தைப்பொங்கல் கழிந்து வருகிற முதல் ஞாயிறு, அந்த வருஷம் வாசித்த புத்தகங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைப்பாள். கேட்டவர்கள் ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை கொண்டுவர வேண்டும். எந்தக் கதை மனசுக்குப் பிடித்ததோ அந்தச் சிரட்டையில் போட வேண்டும். அதிகம் விழுந்த புத்தகத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிப்பாள். மற்றவை நானாவோடு போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கும் கொட்டை உண்டு. எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

நான் சொல்கிற வருஷத்தில் மூன்று புத்தகம்.

முதலாவது, மழையைப் பூட்டின ராஜா கதை. மகள் கல்யாணத்தன்று மழை பெய்து பந்தல் சரிந்துவிட்டதென்று கோபித்துக்கொண்ட ராஜா, மந்திரவாதியைப் பிடித்து மழையைச் செப்புக் குடத்தில் அடைத்துப் பூட்டி விடுகிறான். அதற்குப் பிறகு நாடே காய்கிறது. சின்னம்மா உருகி உருகித்தான் வாசித்தாள். யாரும் உருகவில்லை. எங்கள் பக்கத்துக் காம்பரா அத்தை, முதுகில் கம்பளி காயாமல் உட்கார்ந்திருந்தவள், "அந்த ராசாவ ஒரு மாசம் இங்கிட்டு அனுப்பச் சொல்லு தாயி, கும்புட்டுக்கிறேன்" என்றாள். லயமே சிரித்தது.

இரண்டாவது, பித்தளைப் பட்சிக் கதை. விளக்கு வார்க்கிறவன் மகன் ஒருவன் பித்தளையில் ஒரு பட்சி செய்து, வயிற்றில் வெந்நீர் ஊற்றி, சாவி முடுக்கி, மேலே ஏறிச் சந்திரலோகம் போகிறான். அங்கே இருக்கிறவர்கள் அவனைக் கண்டு அதிசயப்பட்டு வைத்துக்கொள்கிறார்கள். 'சந்திரலோகத்தில் மந்திரி பதவி அடைந்தான்' என்று கதை முடியும். அந்த வரி எங்களுக்குப் பாட்டாகிவிட்டது. எவனாவது கொய்யா மரத்தில் உச்சிக் கிளைக்கு ஏறினால், "பதவி அடைஞ்சான் டோய்!" என்று கீழே நின்று கத்துவோம். அன்றைக்கும் அத்தைதான் கேட்டாள்: "மேல போயிப் பதவி அடைஞ்சவன் ஆத்தாளுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினானா?" சின்னம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதப் பத்தி எழுதல மதினி" என்றாள்.

மூன்றாவதற்கு அட்டையே இல்லை. இன்னும் நூறு வருஷம் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று எவரோ எழுதினது. வண்டி மாடில்லாமல் ஓடும், விளக்கு எண்ணெயில்லாமல் எரியும், இயந்திரமே உழுது இயந்திரமே அறுக்கும், மனிதர் யாரும் முதுகு வளைக்க வேண்டியதில்லை. பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஆனால் ஒருத்தி, "அங்க பெரட்டு உண்டா?" என்று கேட்டாள். பெரட்டு என்றால் தெரியுமல்லவா, விடியுமுன் தப்படித்து எழுப்பி, மழையோ பனியோ வரிசையில் நிறுத்திப் பேர் பார்த்து வேலைக்கு அனுப்புவது.

"பெரட்டு இல்ல" என்றாள் சின்னம்மா.

"அப்ப எப்ப எந்திரிப்பாங்க?"

"மனசு வந்தப்ப எந்திரிப்பாங்க."

இஸ்தோப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "இது ரொம்பப் பொய்யா இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பித்தளைக் குருவி சந்திரனுக்குப் போனதை நம்பினவர்கள், குடத்தில் மழையைப் பூட்டினதை நம்பினவர்கள், இதை மட்டும் நம்ப மாட்டேன் என்றார்கள். சின்னம்மாவுக்கு அந்தப் புத்தகம்தான் உயிர். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறவெல்லாம் இல்லை, கூப்பிடுகிற முறை அது. புருஷனோடும் ஆறு வயது மகனோடும் அக்கரையிலிருந்து புறப்பட்டவள். கப்பல் ஏறுகிற இடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிறுத்திவிட்டார்கள். வழியனுப்ப வந்த தன் அப்பாவிடம் பிள்ளையைக் கொடுத்து, "பின்னாடி ஆள் கட்டி வர்றவங்களோட அனுப்பி வையிங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். வந்த வருஷமே அவள் புருஷன் வயிற்றுக்கடுப்பில் போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷமாக அவள் அந்தப் பிள்ளைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பெரிய கங்காணி ஆள் கூட்டி வர ஊருக்குப் புறப்பட்டபோது, காலில் விழாத குறையாகக் கேட்டு வாக்கு வாங்கிவிட்டாள். தை பிறந்ததும் கங்காணி கூட்டத்தோடு பிள்ளையும் வந்துவிடுவான். வேலைக்காட்டில், தண்ணீர்ப் பீலியில், எங்கே கண்டாலும் அவளுக்கு இதே பேச்சு.

ஊரிலிருந்து வருகிற கடுதாசிகளும் சின்னம்மா கையில்தான் வரும். ஞாயிறு கதை முடிந்ததும் கடுதாசி வாசிப்பு. அத்தைக்கு அவள் அப்பா யாரையோ பிடித்து எழுதுவித்து அனுப்புவார். முன்பெல்லாம் மூன்று வரிதான். மழை இல்லை, மாடு ஒன்று செத்தது, பிள்ளை சுகம். ஆவணிக்கு மேல் அந்தக் கடுதாசிகள் நீள ஆரம்பித்தன. பிள்ளை பனையோலையில் ஒரு பட்சி செய்து கண்மாய்க்கு மேலே விட்டானாம், அது கடல் தாண்டி அம்மாவிடம் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறானாம். ஒரு பாழும் கிணற்றில் தலையை விட்டு அம்மா என்று கூப்பிட்டானாம், அது மறுநாள்தான் ஏன் என்று கேட்டதாம். அங்கே குளிரும் என்கிறார்களே, எனக்குக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டானாம்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் அத்தை மழைக்குத் தலையிலிருந்து போர்த்துகிற தன் கம்பளியில் ஒரு பாகத்தை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துச் சின்னதாக ஒன்று ஆக்கி வைத்தாள். வெட்டினதால் அவளுடையது முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. மழையில் அப்படியே நனைந்துகொண்டு கொழுந்தெடுத்தாள்.

எனக்கு அந்தக் கடுதாசிகள் மேல் பைத்தியம். ராஜாவையும் பட்சியையும் விட அவனைப் பிடித்துப்போயிற்று. என் வயசு, என் சோட்டுப் பிள்ளை. வந்ததும் கொய்யா மரத்தைக் காட்டுவது, கிணறு இல்லாத குறைக்குக் கல்லுப் பொந்தைக் காட்டுவது என்று எல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தேன். தூங்கும்போது அவனோடு பேசுவேன். இதை இன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வாசிக்கக் கற்றிருந்தேன். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. சின்னம்மாவுக்கு எதிரே, அவள் முழங்காலை ஒட்டி உட்காருவேன். அவள் விரல் ஓடுகிற இடமும் வாயில் வருகிற சத்தமும் சேர்ந்து சேர்ந்து எழுத்து பிடிபட்டுவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்து பார்த்ததால் எனக்கு எழுத்தெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். புத்தகத்தை நேராகப் பிடித்தால் ஒன்றும் விளங்காது. கவிழ்த்துப் பிடித்தால் வாசிப்பேன். இதைக் கண்டவர்கள் குழந்தை விளையாடுகிறது என்று நினைத்தார்கள். கடுதாசியை மட்டும் சின்னம்மா எழுத்து என் பக்கம் தெரியாதபடி மடித்துப் பிடித்துக்கொள்வாள். அந்த ஆவணிக்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை.

மார்கழியில் ஒருநாள் அம்மாவும் சின்னம்மாவும் அடுப்படியில் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள்.

"ஒடம்பு சரியில்ல, தேறட்டும்னே. தேறிட்டா. தீவாளி போகட்டும்னே. போயிருச்சு. கங்காணி வந்து எறங்குறப்ப அவ போயி நிப்பாடி. எம்புள்ள எங்கன்னு கேப்பா."

"பொங்கல் முடியட்டும்க்கா. நானே சொல்லிர்றேன்."

"இதத்தான் நாலு மாசமா சொல்ற."

உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. பிள்ளை வருவதில் ஏதோ இரகசியம் வைத்து அத்தையைத் திகைக்க வைக்கப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

பெரியவர்கள் செய்த தப்பு இது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கடுதாசி வந்த சமயம் அத்தை காய்ச்சலில் கிடந்தாள். இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். பிறகு அவள் எழுந்து நடமாடி, கடுதாசி வந்ததா என்று வாசலில் வந்து நின்றபோது சின்னம்மாவுக்கு வாய் வரவில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தாள். அந்த ஒன்றைக் காப்பாற்ற அடுத்த மாதம் இன்னொன்று. நானும் பின்னாளில் இதே மாதிரி எத்தனையோ விஷயத்தை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருக்கிறேன். அவளைக் குறை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

போகிக்கு முதல் நாள். எல்லோரும் வேலைக்காட்டில். சின்னம்மா சுவருக்குப் பூச வெள்ளை மண் எடுக்கப் போயிருந்தாள். எனக்குக் காலில் அட்டை கடித்துச் சீழ் வைத்திருந்ததால் வீட்டில் விட்டிருந்தார்கள். புத்தகங்களை அடுப்புச் சூட்டில் காய வைக்கச் சின்னம்மா சொல்லியிருந்தாள். பித்தளைப் பட்சியை உதறினபோது உள்ளேயிருந்து ஒரு காகிதம் விழுந்தது. நான்காக மடித்தது, மூலையில் எண்ணெய்க் கறை. இழவுக் கடுதாசியை வாசித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது. சின்னம்மாவுக்கு அது தெரியாதா? கேட்க வேண்டியவள் கேட்காமல் எப்படிக் கிழிப்பது என்று வைத்திருந்திருக்கிறாள். ஐந்து மாதமாக.

கடுதாசியைக் கவிழ்த்துப் பிடித்தேன். கையெழுத்து. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்க வெகுநேரம் ஆயிற்று. மேலே அத்தை பேர் இருந்தது. எழுதிக் கொடுத்த மனிதர் பெரிய மனிதர்களுக்கு எழுதுகிற வாசகத்தையே ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் எழுதியிருந்தார். 'தங்கள் குமாரன் ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை சிவலோக பதவி அடைந்தான்.'

நான் துள்ளிவிட்டேன். சிவலோகம்! பதவி! சந்திரலோகத்தில் மந்திரி பதவி அடைந்த விளக்குக்காரன் மகனுக்கு அடுத்தபடி இவன்தான். பனையோலைப் பட்சி செய்தவனல்லவா, செய்யக்கூடியவன்தான் என்று நினைத்தேன். இதைத்தான் இரகசியமாக வைத்திருக்கிறார்கள்!

புண்ணான காலோடு ஓடினேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்கு நான்கு பேருக்குப் பின்னால் அத்தை, கட்டைக் கம்பளியோடு. வரிசை முழுக்கக் கேட்கும்படி நான் கத்தினேன்.

"அத்தே! ஒங்க மகன் பதவி அடைஞ்சுட்டானாம்! சிவலோகத்துல பதவி அடைஞ்சுட்டானாம்! கடுதாசில போட்டிருக்கு!"

கணக்கப்பிள்ளை தராசுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அம்மா வரிசையிலிருந்து பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கையில் தேயிலைக் கசப்பு. அத்தை என்னையே பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அவளுக்கு வேண்டிய பதில் இருந்தது.

அவள் அழுவாள், விழுவாள் என்று எல்லோரும் தாங்கிப் பிடிக்கத் தயாரானார்கள். அவள் வரிசையை விட்டு விலகவில்லை. முன்னால் நின்ற நாலு பேரும் நிறுத்து முடிகிற வரை நின்றாள். தன் முறை வந்ததும் கூடையை இறக்கித் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை எடை இத்தனை இறாத்தல் என்று சொன்னார். கூடையைக் கவிழ்த்தாள். வெறுங் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அந்த நடைதான் கண்ணில் நிற்கிறது.

அம்மா என்னை அன்றைக்கு விளக்குமாற்றால் அடித்தாள். வாய்க்கொழுப்பு என்றாள். நான் வேண்டுமென்றே குத்திச் சொன்னதாக வெகுகாலம் அவள் நினைப்பு. பதவி என்றால் பதவி என்றுதானே நினைத்தேன் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. பிறகு வந்தபோது அம்மா இல்லை.

சாயங்காலம் அத்தை எங்கள் காம்பராவுக்கு வந்தாள். சின்னம்மா எழுந்து நின்றாள். "வாசி" என்றாள் அத்தை. சின்னம்மா வாசித்தாள். எழுத்துப் பிசகாமல், மழைக்கு மேலே கேட்கும்படி, தொண்டை கிழிய. "இன்னொருக்கா" என்றாள். இன்னொருக்கா வாசித்தாள்.

"ஆடி மாசம்" என்றாள் அத்தை. "அப்ப பொரட்டாசில பட்சி செஞ்சது?"

"நான் சொன்னது மதினி."

"கெணத்துல கூப்புட்டது?"

"நாந்தான்."

"கம்பளி கேட்டது?"

சின்னம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை அவளைத் திட்டவில்லை. கடுதாசியை வாங்கிச் சின்னச் சின்னதாகக் கிழித்து, வாசலுக்குப் போய்க் கான் வாய்க்காலில் ஓடுகிற மழைத் தண்ணீரில் விட்டாள். அது போய் மறைகிற வரைக்கும் நின்றாள். பிறகு தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் லயத்தில் யாரும் பானை வைக்கவில்லை. கங்காணி ஆட்களோடு வந்து இறங்கினார். அத்தை பார்க்கப் போகவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. யாரும் சிரட்டை வைக்கிற எண்ணத்தில் இல்லை. ஆனால் புடவை நானா மூட்டையோடு வந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "எந்தக் கதை புள்ள இந்த வருசம் மேல வந்துச்சு? அதத்தான் ஊவாத் தோட்டமெல்லாம் சொல்லப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே இஸ்தோப்பில் உட்கார்ந்தார். மழைக்கு ஒதுங்கின மாதிரி பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள், உட்காரவில்லை. கடைசியாகப் பக்கத்துக் கதவு திறந்தது. அத்தை வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் சின்னக் கம்பளி. கையில் ஒரு தேயிலைக் கொட்டை.

"ஏன் செரட்டய வைக்கல? வையி."

சின்னம்மா மூன்று புத்தகமும் மூன்று சிரட்டையும் வைத்தாள். பெண்கள் போட்டார்கள், எதில் போட்டார்கள் என்று யார் பார்த்தது? அத்தை மட்டும் கொட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னொரு செரட்ட வையி."

"எதுக்கு மதினி?"

"கடுதாசிக்கு."

நான்காவது சிரட்டை வந்தது. அதற்கு முன்னால் வைக்க ஒரு காகிதமும் இல்லை. அத்தை என் பக்கம் திரும்பினாள். அடி விழப் போகிறது என்று நான் அம்மாவின் சேலைக்குள் ஒண்டினேன்.

"ஏ குட்டி, நீதானே வாசிச்ச. பதவின்னியே. அங்க அவனுக்கு என்னா வேலையாம்?"

"மதினி, சின்னப் புள்ள, அறியாம..." என்று அம்மா தொடங்கினாள்.

"அவளத்தான் கேக்குறேன்."

என் கையில் கடுதாசி இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வேலையே இல்ல அத்தே. சும்மா இருக்கலாம்."

"காலையில பெரட்டு உண்டா?"

"இல்ல அத்தே."

"அப்ப எப்ப எந்திரிப்பான்?"

"மனசு வந்தப்ப."

இந்த முறை யாரும் இது ரொம்பப் பொய்யாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"மழ?" என்றாள் அத்தை. அவள் குரல் இப்போதுதான் உடைந்தது.

"பூட்டி வச்சிருக்கு அத்தே. கொடத்துல."

அவள் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கொட்டையை நான்காவது சிரட்டையில் போட்டாள். விழுந்த சத்தம் கேட்டது. நானா மூட்டையை அவிழ்க்காமலே எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். அந்த வருஷத்துப் புத்தகங்களை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அவை எங்கே போயின என்றும் தெரியாது.

"மழயில்லன்னா அவனுக்கு இது வேணாம்" என்றாள் அத்தை. இடுப்பிலிருந்த கம்பளியை எடுத்து உதறி, என்னை இழுத்து, என் தலையைச் சுற்றிப் போர்த்தினாள். எனக்கு அளவாக இருந்தது.